எல்லையற்ற இடம், மாதம் இரண்டு தொண்ணூற்றொன்பது

ஈசூன், பதினோராம் மாடி.
இரவு பதினொன்றே முக்கால்.
மடிக்கணினியின் சூடு தொடையில்.
ஊருக்கெல்லாம் ஏர்கான் கழுவுகிறவன் வீட்டில்
மின்விசிறிதான் சுற்றுகிறது,
அதுவும் இரண்டாம் எண்ணில்.

தமயந்தி கணக்குநோட்டை விரிக்கிறாள்.
வேன் தவணை, கேஸ் உருளை, புது ஏணி.
கடைசி வரியில் வெப்சைட்,
எதிரே காலி.
"பத்து வெள்ளிக்குள்ள முடிங்க.
மாசத்துக்கு.
முதல் மாசத்துக்கு இல்ல."

முதல் நிறுவனம் சொல்கிறது:
எல்லையற்ற இடம்.
சிரித்துவிட்டேன்.
கடலில் மண் கொட்டி நிலம் செய்கிற தீவில்
ஏணி வைக்க இடமில்லாமல்
கட்டிலுக்கடியில் செருகியிருக்கிறேன்,
தினமும் கால்விரலில் இடிக்கிறது.
இவன் எல்லையற்றதை
இரண்டு தொண்ணூற்றொன்பதுக்குத் தருகிறான்.
அந்தச் சொல்லின் தலைமாட்டில்
கொசுவளவு ஒரு நட்சத்திரம்.
அதைத் தேடிப் பக்கத்தின் அடிவரை இறங்கினால்
அங்கே இருக்கிறது எல்லை,
சாம்பல் எழுத்தில்.
இரண்டாம் ஆண்டு முதல் பதின்மூன்று வெள்ளி என்பதும்
அதே சாம்பலில்.

இரண்டாவதன் இயந்திரம்
ஏதோ ஓர் அமெரிக்கப் பாலைவனத்தில்.
புளோக் 748இல் ஒரு மாது
வியர்க்க வியர்க்க என்னைத் தேடினால்
அவள் கேள்வி பசிபிக்கைக் கடந்து போய்
புளோக் 751இல் இருக்கும் என்னை
அங்கே விசாரித்துக்கொண்டு திரும்பி வரும்.
கண்ணிமைக்கும் நேரம்தான் என்கிறார்கள்.
இருக்கலாம்.
நான் படியிறங்கி நடந்தால் நான்கு நிமிடம்.

அந்த அறைகளை எனக்குத் தெரியும்.
தை செங்கில் நாலு வருடம்
அவற்றைக் குளிர வைத்தவன் நான்.
வெளியே முப்பத்துமூன்று டிகிரி,
உள்ளே ஸ்வெட்டர்.
வரிசை வரிசையாய்ப் பெட்டிகள், பச்சைக் கண்கள்,
காதுக்குள் அடைமழை மாதிரி இரைச்சல்.
வடிகட்டியைக் கழற்றித் தூசி தட்டும்போது
ஹாரிஸ் ஒரு பெட்டியைக் காட்டிச் சொன்னான்:
"இதுல முந்நூறு பேர் குடியிருக்காங்க.
ஒருத்தன் வீட்ல விசேஷம்னா
மத்தவனுக்கு மூச்சு முட்டும்."

அவன் சொல்லியிருக்க வேண்டியதில்லை.
வந்த புதிதில் காக்கி புக்கிட்டில் தங்கியவன்.
மலிவு என்றால் என்னவென்று
என் உடம்புக்குத் தெரியும்:
ஒரு குளியலறை, பதினாறு துண்டு.
மோசம் என்று சொல்லமாட்டேன்.
அங்கிருந்துதான் வீட்டுக்குப் பணம் போனது.
யார் எப்போது எழுவார்கள் என்று தெரிந்தால்
பதினாறு பேரும் குளிக்கலாம்.

அதனால் மூன்று பேருக்கும் ஒரே கேள்வி தட்டினேன்:
நள்ளிரவில் இயந்திரம் நின்றால்
யார் எழுவார்கள்?

முதலாவதில் ஜெசிக்கா ஒரு நொடியில் வந்தாள்.
அருமையான கேள்வி என்றாள்.
மறுபடி கேட்டேன்.
மறுபடியும் அருமை.
இரண்டாவது ஒன்பது இலக்கத்தில் ஒரு எண் தந்து
தூங்கப் போய்விட்டது.
மூன்றாவது ஊபியில் ஒரு சின்ன நிறுவனம், எட்டு ஐம்பது.
இருபத்திரண்டு நிமிடம் கழித்து,
எழுத்துப்பிழையோடு:
"நான்தான் எழுவேன் பாஸ். ஆனா
பேக்கப் தினமுமா வாரமான்னு
சரியா தெரில. காலைல கேட்டுச் சொல்றேன்.
ஃபைரூஸ்."

தெரில.
அந்தச் சொல்லைத் திரும்பப் படித்தேன்.
கேஸ் கசிவா, கம்ப்ரஸரா,
திறந்து பார்த்தால்தான் தெரியும் மேடம் என்று
எத்தனை வாசலில் நின்று சொல்லியிருக்கிறேன்.
பாதிப் பேர் கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

காலை ஏழு பத்துக்கு எழுதியிருந்தான்:
வாரம் ஒரு முறைதான்.
தினமும் வேண்டுமானால் இன்னும் ஒரு வெள்ளி.

தமயந்தி காலியிடத்தில் நிரப்புகிறாள்:
ஒன்பது ஐம்பது.
பென்சிலால்.
"பேனா இல்லையா?"
"ஒரு வருஷம் போகட்டும்" என்கிறாள்.

நான் குனிந்து
கட்டிலுக்கடியிலிருந்து ஏணியை இழுக்கிறேன்.